ஒரு மேடுகூட இல்லாத பதினோரு விடுமுறைகள்

அத்தியாயம் 7

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் விரித்த வரைபடம் புதன்கிழமை காலையிலும் அப்படியே கிடந்தது. அதை மடிக்க யாரும் முன்வரவில்லை. மடித்தவர் தோற்றவர் என்று மூவரும் சொல்லாமலே முடிவு செய்திருந்தார்கள். அதன் மேலேயே தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். கடலோரத்தில் ஜாம் சிந்தி ஒரு புதிய தீவு உண்டாகியிருந்தது.

குளிர்கால விடுமுறைக்கு இன்னும் பத்து நாள். வருடா வருடம் நடப்பதுதான்: அப்பா மூன்று ஊர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அம்மாவுக்கும் மகளுக்கும் உண்டு. பிறகு காரில் ஏறுவார்கள். இந்த முறை அம்மா நான்காவதாக ஒரு வட்டம் போட்டுவிட்டாள். பென்சில் அவர் கையில் இருந்ததால் தன் கைப்பையிலிருந்த கண்மைப் பென்சிலால் போட்டாள். பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடத்தில், மலை மேல், நீலமாக ஒரு சின்ன ஏரி.

"வண்டி தாங்காது" என்றார் அப்பா. அத்தோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். அழிப்பானால் அழித்துப் பார்த்திருக்கிறார் என்பது மறுநாள் தெரிந்தது. கண்மை அழிப்பானுக்கு மசியவில்லை. வட்டம் இன்னும் பெரிதாகிக் கறுத்திருந்தது.

புதன்கிழமை காலை அந்த வட்டத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் வேலை செய்வது டிரைவிங் ஸ்கூலில். பத்தொன்பது வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் கண்ணை மூடிக்கொள்ளும் நேரங்களில் அதுதான் ஊரைக் காப்பாற்றும். அந்த பிரேக்கில் எப்போதும் கால் வைத்திருப்பதால் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. சினிமாத் தியேட்டரில் படம் பார்க்கும்போதுகூட, திரையில் லாரி வந்தால் அவள் கால் தரையை அழுத்தும்.

அன்றைய முதல் மாணவர் கேக் கடைக்காரர். ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில், பாதி வழியில், வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தாள். அவர் நெற்றியில் வியர்வை கோடு போட்டது.

"அக்கா, பின்னாடி லாரி நிக்குது அக்கா."

"லாரிக்கும் பிரேக் இருக்கு. நீங்க முன்னாடி பாருங்க."

"உருண்டுட்டா?"

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கே, எப்படி உருளும்? கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவா! கேக்கை அடுப்புல இருந்து வெடுக்குனா இழுப்பீங்க?"

"ஐயோ, அமுங்கிடும்."

"அதேதான். வண்டி மூக்கை லேசாத் தூக்கும். தூக்குதா?"

"தூக்குது! தூக்குது அக்கா!"

"காலை அப்படியே வெச்சிருங்க. இப்போ ஆக்ஸிலேட்டர் கொஞ்சம். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க."

கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் மேலேறியது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் கேக் கடைக்காரர் ஏதோ சிகரத்தைத் தொட்டவர்போல இரண்டு பக்கமும் பார்த்தார். அவளும் பார்த்தாள். தூரத்தில், புகைக்கும் கட்டடங்களுக்கும் அப்பால், மலைத்தொடர் துவைத்துக் காயப்போட்ட துணிபோல வெளிறித் தொங்கியது.

"லீவுக்கு எங்கே அக்கா போறீங்க?"

"மலைக்கு" என்றாள். வீட்டுக்கு வெளியே முதல் முறையாகச் சொன்னாள். சொன்னதும் நன்றாக இருந்தது.

அந்தத் தெம்பிலேயே பதினோரு மணிக்கு முதலாளியின் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். சுவரில் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. விடுமுறைக்குப் பிறகு மலைப்பாதை ஓட்டுநர் பயிற்சி ஆரம்பம். அதற்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் மலையடிவாரத்திலிருந்து மேலே ஏறி இறங்கும் வேலை. அவள் விண்ணப்பம் கொடுத்து இரண்டு வாரமாகிறது. இருப்பவர்களில் அவள்தான் மூத்தவள். கேட்கவே வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

முதலாளி பாடம் நடத்துவதற்கான பொம்மைக் காரை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லவா?"

"வேணாம் சார். அந்த மலைப்பாதை வேலை..."

"அதுக்கு வெளியில இருந்து ஒருத்தரைப் பேசி வெச்சிருக்கேன். லீவு முடிஞ்சதும் லெட்டர் குடுக்கணும்."

"அவருக்கு எத்தனை வருஷ அனுபவம் சார்?"

"நாலு."

"எனக்குப் பத்தொன்பது."

"அனுபவத்துல என்னம்மா குறை? உங்க உடம்பைத்தான் யோசிச்சேன்."

"என் உடம்புக்கு என்ன?"

முதலாளி பொம்மைக் காரை நிறுத்தினார். நோயாளியின் கட்டிலருகே பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார். "அதான்... அந்தத் தலைசுத்தல்."

"எந்தத் தலைசுத்தல்?"

"மலை ஏறினாலே உங்களுக்குச் சுத்துமாமே. உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். போன வருஷ ஆண்டு விழாவுல, எல்லாரும் குடும்பத்தோட மலைக்கு டூர் போகலாம்னு பேசினோமே, அப்போ என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். அதனாலதானே டூரையே கடற்கரைக்கு மாத்தினேன். உங்களுக்காக."

அவளுக்கு அந்தக் கடற்கரை நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஆளுக்கு ஆள் வந்து "பரவாயில்லையா அக்கா?" என்று கேட்டார்கள். கணக்கு எழுதும் பெண் ஓடி வந்து கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்துவிட்டுப் போனாள். எதற்கு என்று புரியாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறுகாய் ஜாடியில் போட்டாள்.

"சார், எனக்குத் தலை சுத்தாது."

"யாருமே ஒத்துக்க மாட்டாங்கம்மா. வண்டி ஓட்டுறவங்களுக்கு அது கௌரவப் பிரச்சினை. எனக்குப் புரியுது."

"உங்களுக்குப் புரியலை சார். எனக்குச் சுத்தவே சுத்தாது. இதுவரைக்கும் சுத்தினதே கிடையாது!"

"பாருங்க, இப்போ படபடப்பு வருது. பிரஷரும் இருக்கும்போல. ஒரு தடவை செக் பண்ணிக்கோங்கம்மா."

அவள் எழுந்து நின்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னால் படபடப்புக் கணக்கில்தான் சேரும் என்று தெரிந்தது. இல்லாத வியாதியை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? வெளியே வந்து, பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நிற்கிற வண்டியின் பிரேக்கைக் கால் வலிக்கும்வரை அழுத்தினாள்.

மதிய சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தபோது மகள் சோபாவில் தலைகீழாகப் படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து, புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. கல்லூரியில் படிப்பு விடுப்பு. அவள் படிக்கிற புத்தகங்களில் எப்போதும் எங்காவது பனி பெய்துகொண்டிருக்கும், யாராவது பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்பார்கள்.

"உங்கப்பா என்னைப் பத்தி ஊரெல்லாம் என்ன சொல்லி வெச்சிருக்கார்னு கேளு" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள் அம்மா. "எனக்கு மலைன்னா தலை சுத்துமாம்! மலை ஏறினா நான் விழுந்துடுவேனாம்! எங்க முதலாளி அதை நம்பி என் வேலையைத் தூக்கி வேற ஒருத்தனுக்குக் குடுக்கப் போறார்!"

மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். மகள் சிரிக்கவில்லை. மெல்லப் புரண்டு நேராக உட்கார்ந்தாள். பக்க அடையாளம் வைக்காமலே புத்தகத்தை மூடினாள்.

"அம்மா... உனக்குச் சுத்தாதா?"

அம்மா ஒற்றைச் செருப்போடு சோபா அருகே வந்தாள்.

"என்ன கேட்ட?"

"நம்ம கார் வாங்கின வருஷம். எனக்கு எட்டு வயசு. நான் மலைக்குப் போலாம்னு அழுதேன். அப்பா என்னைப் பால்கனிக்குக் கூட்டிட்டுப் போய், 'அம்மாவுக்கு மலை ஆகாதும்மா, அவகிட்ட கேட்டுடாதே, சங்கடப்படுவா'ன்னார். நானும் கேக்கலை."

"பதினோரு வருஷமாவா?"

"டிவில மலை ரயில் காட்டினாக்கூடச் சேனலை மாத்துவேனே. உனக்குச் சுத்துமேன்னு."

"அடிப்பாவி! உனக்குத்தான் மலை பிடிக்காதுன்னு நான் நினைச்சேன்! அதனாலதானே நான் இத்தனை வருஷம் வாயே திறக்கலை!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே வீட்டில், ஒரே சோபாவில், ஒருத்தியை ஒருத்தி நோகடிக்கக் கூடாது என்று பதினோரு வருடம் எதிரெதிர் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

"போன வருஷம் காலேஜ் டூருக்குப் போகலையே நீ. காய்ச்சல்னு சொன்ன."

"அது மலைம்மா. நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னா உனக்கு ஏக்கமா இருக்குமேன்னு..."

அம்மா கைப்பையைச் சோபாவில் எறிந்தாள். தன் வேலை போனது ஒரு கோபம். இது வேறு. காய்ச்சலே இல்லாத பெண்ணுக்கு அவள் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஏன் அப்படிச் சொல்லணும் அந்த மனுஷன்? எனக்குத் தலைசுத்தல்னா அவருக்கு என்ன லாபம்?"

மகள் சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வீட்டுக்கு வரைபடம் வாங்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் போகிற வழியைத் தனித் தாளில் அழகாக வரைந்து, எங்கே பெட்ரோல், எங்கே தேநீர், எங்கே கழிப்பறை என்று குறித்து, திரும்பி வந்ததும் கோப்பில் வைத்துவிடுவார். மகள் அந்தக் கோப்பை எடுத்து வந்தாள். பதினோரு தாள்கள். அவருடைய பெட்டியிலிருந்தே சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பயணத்தையும் பெரிய வரைபடத்தின் மேல் போட ஆரம்பித்தாள்.

"இந்தப் பழுப்புக் கோடு இருக்கில்ல, இதைத் தாண்டினா மேல ஏறுறோம்னு அர்த்தம். சின்ன வயசுல அப்பாதான் சொல்லிக் குடுத்தார்" என்றாள். "முதல் வருஷம் கடற்கரை. ரெண்டாவது உப்பு ஏரி. மூணாவது மறுபடி கடற்கரை..."

ஆறாவது தாளில் அவள் பென்சில் நின்றது. "இதைப் பாரும்மா. நேரா வந்துட்டு இங்கே ஏன் திடீர்னு சுத்துது? நாப்பது கிலோமீட்டர் கூட."

"அங்கே ஒரு நல்ல டீக்கடை இருக்குன்னார். அதுக்காகச் சுத்திப் போனோம்."

"அந்த டீ சுமாராத்தான் இருந்துச்சு."

"தண்ணி மாதிரி இருந்துச்சு."

நேர் வழியில் ஒரு குன்று இருந்தது. ஒரே ஒரு பழுப்புக் கோடு. சிவப்புப் பென்சில் அதன் விளிம்பை ஒட்டி, பாம்பைக் கண்ட நாய்போல, ஒதுங்கிச் சுற்றிப் போயிருந்தது.

பதினொன்றாவது தாளும் முடிந்தது. வரைபடம் முழுக்கச் சிவப்புக் கோடுகள் ஓடின. ஒன்றுகூட ஒரு பழுப்புக் கோட்டைத் தாண்டவில்லை.

அம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். மேம்பாலம் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அதைத் தாண்டினால் பெரிய கடைத்தெரு. ஆனால் அவர் ஓட்டும்போதெல்லாம் வண்டி சந்தை வழியாக, ரயில்வே கேட் வழியாக, இருபது நிமிடம் சுற்றித்தான் போகும். பாலத்தில் நெரிசல் என்பார். அவள் கேட்டதில்லை. வாரம் முழுக்கப் பிறர் கால்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், சொந்த வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவாள். ஊரிலுள்ள அத்தனை பேர் காலையும் கவனித்தவள் அந்த ஒரு காலை மட்டும் கவனிக்கவில்லை.

"உங்கப்பாவுக்கு" என்றாள் நிதானமாக, "மேட்டுல நிறுத்தின வண்டியை எடுக்கத் தெரியாது."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள்.

மாலை ஐந்தரைக்கு அப்பா வந்தார். கையில் சுருட்டிய தாள். அவரை யாருக்கும் பிடிக்காமல் போகாது. மென்மையான மனிதர், அலுவலகத்தில் குரல் உயர்த்தியதே இல்லை என்பார்கள். தாளை மேஜையில் விரிக்கப் போனவர் சிவப்புக் கோடுகளைப் பார்த்து நின்றார்.

"யார் இப்படிக் கிறுக்கினது?"

"உங்க கையில என்ன?" என்றாள் அம்மா.

"உப்பு ஏரி. இந்த வருஷம் பறவை நிறைய வந்திருக்காம். ரெண்டு மணி நேரம் குறைச்சலா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

"நல்லது. இப்போ வண்டியை எடுங்க. பால் வாங்கணும்."

"பால் கீழேயே கிடைக்குமே."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைப் பால்தான் வேணும்."

"சந்தை வழியாப் போனா..."

"பாலம் வழியா."

மகள் யாரும் கூப்பிடாமலே பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பாலத்தின் மறுமுனைச் சிக்னலில் எப்போதும் வரிசை நிற்கும். அன்றும் நின்றது. அப்பா ஏறும்போதே முன்னால் போகிற வண்டியின் பின் விளக்கை முறைத்துக்கொண்டு வந்தார். அது சிவந்தது. எல்லா வண்டிகளும் சிவந்தன. ஏற்றத்தின் நடுவில், மிகச் சரியாகக் காலையில் கேக் கடைக்காரர் நின்ற இடத்தில், அவர்களும் நின்றார்கள்.

பச்சை விழுந்தது. முன்னால் இருந்த வண்டி போனது. இவர்கள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை அணையவில்லை, ஆனால் பின்னால் உருண்டது. ஒரு சாண். அம்மாவின் கால், பிரேக்கே இல்லாத தரையை ஓங்கி மிதித்தது. கை ஹேண்ட் பிரேக்கை இழுத்தது.

பின்னாலிருந்து ஹாரன்கள் ஆரம்பித்தன.

"வண்டி பழசு, கிளட்ச் வந்து..."

"வண்டியைச் சொல்லாதீங்க" என்றாள். "வாய் பேசாத வண்டி. அதுவும் உங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்குது."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்தார். காது மடல்கள் சிவந்தன.

"உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார் மெல்ல. "ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவ புருஷன். என்னால முடியலைன்னு யார்கிட்ட சொல்றது?"

"அதனால எனக்கு வியாதின்னு சொல்லிட்டீங்க."

"வியாதின்னு சொல்லலை. லேசாத் தலைசுத்தல்னுதான்..."

"லேசா!"

ஸ்கூட்டரில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "என்ன சார், பாலத்துலேயே குடித்தனமா?"

"ஆமா, கிரகப்பிரவேசம் நடக்குது, போயிட்டு அப்புறம் வாங்க!" என்று பின் இருக்கையிலிருந்து மகள் கத்தினாள். ஸ்கூட்டர்காரர் திகைத்துப் போய்விட்டார்.

"அந்த லேசான தலைசுத்தலால என் வேலை போகுது" என்றாள் அம்மா. "மலைப்பாதை வேலை. பத்தொன்பது வருஷம் காத்திருந்தேன். முதலாளி அதை நாலு வருஷ அனுபவக்காரனுக்குக் குடுக்கப் போறார். நீங்க ஆண்டு விழாவுல வருத்தப்பட்டுச் சொன்னீங்களாமே, அதை நம்பி. இந்தப் பொண்ணு டூர் போகாம காய்ச்சல்னு படுத்துக்கிட்டா. அதுவும் நீங்க பால்கனியில சொன்னதை நம்பி."

அவருக்கு வேலை விஷயம் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடியில் மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவரை அதிகம் தாக்கியிருக்க வேண்டும். கண்கள் கலங்கின. அம்மாவுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டிய இடத்தில் இன்னும் கோபம்தான் உட்கார்ந்திருந்தது.

"இறங்குங்க."

நடுப்பாலத்தில், அத்தனை ஹாரன்களுக்கும் மத்தியில், கணவனும் மனைவியும் காரின் முன்னால் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறினார்கள். அவள் உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருத்தினாள். அவசரமே இல்லை. பதினோரு வருடத்தில் முதல் முறையாகச் சொந்தக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாள். வண்டி மூக்கை லேசாகத் தூக்கியது, பிறகு தண்ணீர்போல மேலே போனது.

இறக்கம் முடிந்ததும் பூட்டிய ஒரு கடை வாசலில் ஓரங்கட்டினாள். பாலை யாரும் நினைக்கவில்லை.

"போன் போடுங்க. எங்க முதலாளிக்கு. ஸ்பீக்கர்ல."

"இப்பவேவா? நாளைக்கு நேர்ல போய்ச் சொன்னா..."

"இப்பவே."

அப்பா எண்ணை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே முதலாளி எடுத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், ஒரு விஷயம். அவளுக்குத் தலைசுத்தல்னு சொன்னேனே, அது பொய். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. எனக்குத்தான் மேட்டுல வண்டி எடுக்க வராது. அது வெளியில தெரியக் கூடாதுன்னு அவ மேல பழியைப் போட்டேன்."

அம்மா மூச்சை விட்டாள். சொல்லிவிட்டார். எதையும் மழுப்பாமல் சொல்லிவிட்டார்.

மறுமுனையில் முதலாளி நெகிழ்ந்துபோய்ச் சிரித்தார்.

"நீங்க பெரிய மனுஷன் சார்."

"சார்?"

"வீட்ல ரொம்ப அழுதாங்களா? எனக்குப் புரியுது. பொண்டாட்டிக்காகத் தன் மானத்தையே விட்டுக்குடுத்து இப்படி ஒரு பொய் சொல்ற புருஷன் யாருக்குக் கிடைப்பான்!"

"இல்ல சார், இதுதான் நிஜம். அதுதான் பொய்."

"சொல்லத்தான் செய்வீங்க. நீங்களே சொல்லுங்க, பிரேக் அக்கா வீட்டுக்காரருக்கு மேட்டுல வண்டி எடுக்க வராதுன்னா ஊர்ல யார் நம்புவா?"

காரில் மூவரும் போனையே பார்த்தார்கள். போன வருட ஆண்டு விழாவில் கையில் கேக் தட்டோடு நின்று, அப்பா சொன்ன பொய்யை ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பியவர்தான் இந்த முதலாளி. இன்று அதே வாய் உண்மை சொன்னால் அவருக்கு ஆதாரம் வேண்டியிருக்கிறது. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா போனைப் பிடுங்கினாள்.

"சார், நான்தான் பேசறேன். அடுத்த சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"லீவுக்கு மலைக்குப் போறோம். மேல இருக்கிற ஏரிக்கு. வண்டி நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. எனக்குத் தலை சுத்துதா இல்லையான்னு உங்க கண்ணால பாருங்க."

"நானா? மலைக்கா?" முதலாளியின் குரல் சட்டென்று சுருங்கியது. தொண்டையைக் கனைத்தார். "அது வந்து... எனக்கு வளைவுன்னா கொஞ்சம் வயித்தைப் பெரட்டும்மா."

அம்மா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"பை கொண்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பின் இருக்கையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சரிந்தாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் தனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் உதட்டிலேயே நிறுத்திக்கொண்டார்.

"அவர் வர மாட்டார்" என்றார்.

"வராட்டாலும் நாம போறோம்."

போன் சிணுங்கியது. முதலாளியின் செய்தி. *ஆறு மணிக்கா, ஆறரைக்கா?* மகள் சத்தமாகப் படித்துக் காட்டிக் கைதட்டினாள். கைதட்டல் முடிவதற்குள் இரண்டாவது செய்தி வந்தது. அதை அவள் அவ்வளவு சத்தமாகப் படிக்கவில்லை.

*அந்தப் புது ஆளையும் கூட்டிட்டு வரேன். போகும்போது ஒருத்தர், வரும்போது ஒருத்தர் ஓட்டுங்க. ரெண்டு பேரையும் பார்த்து அங்கேயே முடிவு பண்ணிடறேன்.*

"இது நம்ம லீவு!" என்றாள் மகள். "பதினோரு வருஷம் கழிச்சு முதல் தடவையா மலைக்குப் போறோம். அதுக்கு அவர் ஆள் கூட்டிட்டு வருவாரா? பரீட்சை வைப்பாரா?"

அம்மா ஸ்டீயரிங்கில் இரு கைகளையும் வைத்து, கண்ணாடிக்கு அப்பால் எதையோ கணக்கிட்டாள். மறுக்கலாம். மறுத்தால் அது தலைசுத்தலுக்குச் சாட்சியாகிவிடும்.

"வரட்டும்" என்றாள்.

அப்பா விரல்விட்டு எண்ணினார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. "முதலாளி, அந்தப் புது ஆளு, நீ, பொண்ணு. அப்போ நான் வேணா வீட்ல இருந்துக்கிறேன். இடைஞ்சலா இருக்கும்."

"இந்த வண்டியில அஞ்சு பேர் உக்காரலாம். நீங்க வரீங்க."

"எங்கே உக்கார்றது?"

அம்மா வண்டியைக் கிளப்பினாள்.

"பின்னாடி" என்றாள். "நடுவுல."